தாத்தாவின் இரட்டைக்குழலுக்குப் புதுசா கறுப்பு ஏத்தலாமா?

தொட்டபெட்டா: தாத்தா பேர்ல இருந்த 12 போர் (குழல் விட்டத்தோட அளவு) இரட்டைக்குழல் துப்பாக்கி இப்ப என் லைசென்ஸுக்கு மாறியிருக்கு. இங்கிலாந்து தயாரிப்பு. ரிப் மேல, அதாவது ரெண்டு குழலையும் இணைக்கிற பட்டை மேல, "பி. ஓர் & சன்ஸ், மெட்ராஸ் & ரங்கூன்"னு பொறிச்சிருக்கு. எழுத்தோட ஓரம் மழுங்கியிருக்கு, ஆனா வாசிக்க முடியுது. குழல்ல நீலக்கறுப்பு போய் முழுக்கப் பழுப்பு ஏறிடுச்சு, கை பிடிக்கிற இடத்துல மட்டும் வெறும் இரும்பு தெரியுது. கடைக்காரர் "பாலிஷ் போட்டு ஹாட் ப்ளூ தொட்டியில (இரும்பைக் கறுப்பாக்கற சூடான உப்புக்கரைசல்) முக்கி எடுத்தா புதுசு மாதிரி ஆயிடும்"ங்கிறார். செய்யலாமா?

சேலம் டபுள்பேரல்: தாராளமா செய்ங்க. துருப்பிடிச்ச துப்பாக்கிக்கு எவனும் காசு கொடுக்கமாட்டான். பழமை பழமைன்னு பயமுறுத்துறவங்க இப்ப வரிசையா வருவாங்க, காதுல வாங்காதீங்க.

குன்னூர் பழசு: வந்துட்டேன். தம்பி, தயவுசெஞ்சு அந்தக் கடைப்பக்கம் போகாதீங்க. பி. ஓர் மவுண்ட் ரோட்டுல கடிகாரமும் நகையும் வித்த கம்பெனி. துப்பாக்கியை இங்கிலாந்துல செய்ய வெச்சு, தன் பேரைப் பொறிச்சு இங்க வித்தாங்க. அந்தப் பொறிப்புதான் உங்க துப்பாக்கியோட ஜாதகம். ஹாட் ப்ளூ ஏறணும்னா முதல்ல பழுப்பையும் துருக்குழியையும் சுத்தமா எடுத்தாகணும். குழி போகணும்னா குழியைச் சுத்தியிருக்கிற இரும்பு போகணும். பஃபிங் சக்கரத்துல, அதான் பாலிஷ் போடற சக்கரத்துல, ஒரு தடவை அழுத்திப் பிடிச்சா ஏற்கெனவே மழுங்கின "மெட்ராஸ்" இன்னும் மழுங்கும். குழலைக் கழட்டி அடிப்பக்கத் தட்டையைப் பாருங்க, பர்மிங்காம் சோதனைச்சாலை முத்திரை இருக்கும். கிரீடமும் அதுக்குக் கீழ என்.பி-யும் இருந்தா 1904-க்கு அப்புறம் நைட்ரோ மருந்துக்கு (புகையில்லா வெடிமருந்து) சோதிச்சது. அதுவும் சக்கரத்துல போயிடும்.

அதைவிடப் பெரிய ஆபத்து தொட்டியில இருக்கு. இரட்டைக்குழல்ல ரிப்பை ஒட்டியிருக்கிறது ஈயப்பற்று. ஹாட் ப்ளூ தொட்டியில இருக்கிறது கொதிக்கிற காஸ்டிக் சோடா. பற்று போயிடும்.

சேலம் டபுள்பேரல்: ஈயப்பற்று உருக 183 டிகிரி வேணும். தொட்டி 140 டிகிரி. 140 பெருசா 183 பெருசா? கணக்கு தெரிஞ்சவங்க யாராவது சொல்லுங்க.

குன்னூர் பழசு: உருகும்னு நான் எங்கய்யா சொன்னேன்? ஈயமும் வெள்ளீயமும் சூடான காரத்துல கரையுற உலோகங்கள். உருகறது வேற, அரிக்கிறது வேற. அதோட, ரிப்புக்கு அடியில சந்து இருந்தா உப்பு உள்ள போய் உக்காந்துக்கும். எவ்வளவு கழுவினாலும் வராது. மாசக்கணக்கு கழிச்சு ரிப் ஓரத்துல வெள்ளைப் பொடியா பூத்து வரும், உள்ளே துரு ஓடிக்கிட்டிருக்கும். வெளிய பார்த்தா மட்டும் புதுசு.

சேலம் டபுள்பேரல்: 183. பழைய பர்மிங்காம்காரனும் குழலைத் தண்ணியில போட்டுக் கொதிக்க வெச்சுத்தான் கறுப்பாக்கினான். அப்ப கழராத ரிப் இப்ப மட்டும் கழருமா?

ரசவாதி: அவங்க கொதிக்க வெச்சது வெறும் தண்ணி சார், காஸ்டிக் இல்ல. மருந்து தடவி, செந்துரு பிடிக்க விட்டு, தண்ணியில கொதிக்க வெச்சா அந்தச் செந்துரு கறுப்பு ஆக்சைடா மாறும். மெல்லிசு எஃகு நூலால தேய்ச்சு எடுத்துட்டுத் திரும்பத் திரும்ப அதையே செய்வாங்க. தொட்டி முறை பரவினதே 1930-களுக்கு அப்புறம். தொட்டபெட்டா, உங்க குழலை மருந்தே தடவாம காய்ச்சி வடிச்ச தண்ணியில கொதிக்க வெச்சாக்கூட இருக்கிற செந்துரு கறுத்துடும். நல்ல இரும்பு துளிகூடப் போகாது, எழுத்தும் அப்படியே இருக்கும்.

சேலம் டபுள்பேரல்: ஆக கொதிக்க வைக்கலாம்னு ஒத்துக்கிட்டாச்சு. நன்றி. நானும் அதைத்தான் சொல்றேன்.

குன்னூர் பழசு: இல்ல, நீங்க சொல்றது அது இல்ல. நீங்க சொல்றது காஸ்டிக். இதே மாதிரிதான் அந்தக் குடும்பக் கத்தி விவாதத்துலயும் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கச் சொன்னீங்க. அந்தப் பையன் தேய்ச்சுட்டு வந்து படம் போட்டான். பிடியில இருந்த வெள்ளிக்கம்பி வேலை மொத்தமும் போச்சு. அதுக்கு இன்னிக்கு வரைக்கும் உங்ககிட்ட இருந்து ஒரு வார்த்தை வரல.

சேலம் டபுள்பேரல்: கத்தியை ஏன் இழுக்கறீங்க? என் இரட்டைக்குழலைத் தொட்டியிலதான் போட்டேன். ரிப் கல்லு மாதிரி இருக்கு. அனுபவம் பேசுது.

குன்னூர் பழசு: சரி, ஒண்ணு செய்ங்க. குழலை மட்டும் கழட்டி, அடிக்கொக்கியில விரலை மாட்டித் தொங்கவிட்டு, நகத்தால ஒரு சுண்டு சுண்டுங்க. பற்று நல்லா இருந்தா கோயில் மணி மாதிரி நீளமா ஒலிக்கும். எங்கயாவது விட்டிருந்தா சத்தம் செத்துப்போய் "டொக்"னு கேக்கும், இல்லைன்னா அதிரும். சுண்டிப் பார்த்துட்டு வந்து பேசுங்க.

சேலம் டபுள்பேரல்: உங்களுக்காக நான் எதையும் சுண்டத் தேவையில்ல. 183-க்குப் பதில் சொல்லுங்க.

மவுண்ட்ரோடு வாசி: ரெண்டு பேருமே சட்டத்தை விட்டுட்டீங்க. 1959 ஆயுதச் சட்டம் 5-ம் பிரிவுப்படி துப்பாக்கி ரிப்பேர் செய்யறவருக்கே லைசென்ஸ் வேணும். வீட்டுல பாத்திரத்துல போட்டுக் கொதிக்க வைக்கச் சொல்றது சரியா?

ரசவாதி: துருவைக் கறுப்பாக்கறது ரிப்பேரா? எண்ணெய் போட்டுத் துடைக்கறதும் ரிப்பேரா?

மவுண்ட்ரோடு வாசி: குழலைக் கொதிக்க வைக்கறதும் துடைக்கறதும் ஒண்ணுன்னா உங்ககிட்ட பேசிப் பயனில்ல.

சேலம் டபுள்பேரல்: சட்டம்னதும் ஞாபகம் வருது. 2019 திருத்தத்துல மூணு துப்பாக்கி வெச்சுக்கலாம்னு இருந்ததை ரெண்டாக்கினாங்களே, குன்னூரார்கிட்ட மூணு இருந்தது. எதைக் கொடுத்தாரு? ஒருநாளும் சொன்னதில்ல.

குன்னூர் பழசு: சட்டப்படி ஒப்படைச்சேன். எங்க அப்பா வெச்சிருந்தது. அதைப் பத்தி இங்க பேச எனக்கு இஷ்டமில்ல, உங்ககிட்ட பேச சுத்தமா இஷ்டமில்ல. எண்பதுகளோட நடுவுலயிருந்து வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதி அடைச்சாச்சு. இந்த மாதிரி ஒண்ணு இனி இந்த ஊருக்கு வரப்போறதில்ல. இருக்கிறதையும் சக்கரத்துல தேய்ச்சுட்டு மிச்சத்தைக் காஸ்டிக்ல போட்டா பேரன் காலத்துக்கு என்ன இருக்கும்? தொட்டபெட்டா, இன்னொண்ணு. ஆங்கிலேயக் குழல் சுவர் ஏற்கெனவே மெல்லிசு. சக்கரம் அதை இன்னும் மெல்லிசாக்கும். அந்தத் துப்பாக்கியில தோட்டா போடற எண்ணம் இருந்தா இது அழகுப் பிரச்சினை மட்டும் இல்ல.

தொட்டபெட்டா: சார், கட்டையைப் பத்தியும் கேக்கணும். வால்நட். கீறல் நிறைய இருக்கு. கடைக்காரர் இழைச்சு வார்னிஷ் அடிச்சுத் தரேன்னார்.

குன்னூர் பழசு: இழைக்கவே கூடாது. கட்டை இரும்பைவிட இம்மி உசந்து நிக்கற மாதிரிதான் செஞ்சிருப்பான். உப்புத்தாள் போட்டா இரும்பு துருத்திக்கிட்டு நிக்கும், கைப்பிடியில இருக்கிற கட்டம்கட்டமான செதுக்கலும் மழுங்கும். அழுக்கைத் துடைச்சுட்டு ஆளிவிதை எண்ணெயை ரெண்டு சொட்டு விட்டு உள்ளங்கையால தேயுங்க. கை சூடுதான் மருந்து.

சேலம் டபுள்பேரல்: நம்ம ஊர் மழைக்கு எண்ணெய் தாங்காது. வார்னிஷ் அடிங்க. நீலகிரி ஈரத்துல எண்ணெய் போட்ட கட்டை எப்படிப் பூஞ்சை பிடிக்கும்னு எனக்குத் தெரியும்.

குன்னூர் பழசு: நீலகிரி ஈரத்தைச் சேலத்துல உக்காந்துக்கிட்டு எனக்குச் சொல்லித் தரீங்களா?

சேலம் டபுள்பேரல்: ஊர் எதுவா இருந்தாலும் ஈயப்பற்று உருகறது 183-லதான்.