இடி மழையில் பள்ளி பேண்டு போட்டியை நடத்தி முடிப்பது எப்படி?

தாளக்கட்டு:
பள்ளி பேண்டு போட்டி ஒன்றில் தன்னார்வலர்களை ஒருங்கிணைக்கும் பொறுப்பு என்னிடம். 18 அணிகள், அணிக்கு 15 நிமிடம், திறந்தவெளி மைதானம். பக்கத்தில் உள்ளரங்கம் உண்டு, ஆனால் அணிவகுப்புக்கு இடம் போதாது. தன்னார்வலர்கள் 24 பேர். பிற்பகலில் இடியுடன் மழை என்கிறது வானிலை அறிக்கை. எப்போது நிறுத்துவது? பிள்ளைகளையும் கருவிகளையும் எங்கே கொண்டுபோவது? விட்ட நேரத்தை எப்படிப் பிடிப்பது?

மைதானவாசி:
தூறலுக்கு நிறுத்த வேண்டாம். இடி என்றால் யோசிக்காமல் நிறுத்துங்கள். மின்னல் கண்ணில் பட்டதும் எண்ணத் தொடங்குங்கள். ஒலி ஒரு கிலோமீட்டர் வர ஏறக்குறைய 3 வினாடி ஆகும். 30 எண்ணுவதற்குள் இடி கேட்டால் மின்னல் 10 கி.மீ.க்குள் இருக்கிறது, மைதானம் உடனே காலியாக வேண்டும். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் யாரும் இறங்கக் கூடாது. நடுவில் ஒரு இடி கேட்டாலும் கணக்கு மறுபடி முதலிலிருந்து.

இந்த முடிவு ஒரே ஒருவர் கையில் இருக்கட்டும், அவருக்கு வேறு வேலை தராதீர்கள். "இன்னும் ரெண்டே நிமிஷம், முடிச்சிடறோம்" என்று பேண்டு மாஸ்டர் கேட்பார். முடியாது என்று மாஸ்டரிடம் சொல்லும் அதிகாரம் அந்த ஒருவருக்கு இருக்க வேண்டும்.

ஷாமியானா, கேலரிக்கு அடியில், பக்கம் திறந்த கொட்டகை எல்லாம் மழைக்குத்தான் ஆகும், மின்னலுக்கு ஆகாது. கட்டடத்துக்குள்ளோ, கண்ணாடி ஏற்றிய பஸ்ஸுக்குள்ளோ போக வேண்டும். கொடி பிடிக்கும் பிள்ளைகள் கம்பங்களைத் தரையில் போட்டுவிட்டு வரட்டும். அணிக்கு ஒரு தன்னார்வலர், கையில் தலை எண்ணிக்கை எழுதிய அட்டை. மீதி 6 பேரில் இருவர் அரங்க வாசலில் மாப்போடு நிற்கட்டும். ஈர ஷூவோடு வழவழப்பான தரையில் ஓடினால் பிள்ளைகள் வழுக்கி விழுவார்கள்.

குழலூதி:
கருவிகளில் முதலில் உள்ளே போக வேண்டியவை கிளாரினெட், புல்லாங்குழல், சாக்ஸபோன். டிரம்பெட், டிராம்போன் கடைசியில் வந்தாலும் துடைத்தால் போதும். மரக் கிளாரினெட் ஈரம் குடித்தால் வெடிக்கும். அதற்கும் முன்னால் கெடுவது, துளையை மூடும் சாவிக்கு அடியில் உள்ள பேட் என்ற சிறு மெத்தை. நனைந்தால் உப்பி, துளையை முழுக்க மூடாது, சுரம் பிசிறும். ஒற்றுத்தாளை விரல் அகலத்துக்கு வெட்டி, பேட்டுக்கு அடியில் வைத்து, சாவியை மெதுவாக அழுத்தி சில வினாடி பிடியுங்கள். சாவியைத் தூக்கிய பிறகே தாளை எடுங்கள். அழுத்தியபடி இழுத்தால் பேட்டின் மெல்லிய சவ்வு கிழியும்.

நிஜத் தோல் போர்த்திய டிரம் ஈரத்தில் தொய்யும். அப்போது திருகி இறுக்காதீர்கள். காய்ந்ததும் தோல் சுருங்கிக் கிழிந்துவிடும். பிளாஸ்டிக் தோலுக்கு இந்தக் கவலை இல்லை, ஆனால் சைடு டிரம்மின் அடிக்கம்பிகள் துருப்பிடிக்கும். எந்தக் கருவியையும் ஈரத்தோடு பெட்டியில் மூடாதீர்கள். பெரிய டிரம்முக்கு ஆளுயரக் குப்பைப் பை கைவசம் இருக்கட்டும்.

மின்கம்பி:
இடி நெருங்கும் முன்பே ஒலிபெருக்கி, கீபோர்டு எல்லாவற்றையும் பிளக்கிலிருந்தே பிடுங்குங்கள், சுவிட்சை அணைத்தால் போதாது. மைதான இணைப்பு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) வழியாக வரட்டும். ஒயர் இணைப்புகளைத் தரையில் விடாமல் பிளாஸ்டிக் நாற்காலி மேல் வையுங்கள். பெட்டிக்குள் நுழையும் ஒயர் கொஞ்சம் கீழே தொங்கி மேலேறட்டும், வழியும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். ஜெனரேட்டரை மழைக்குப் பயந்து அறைக்குள் தள்ளாதீர்கள். அதன் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, ஆளைக் கொல்லும்.

நடுவர்களுக்குப் பென்சில் கொடுங்கள். ஈரத்தாளில் பால்பாயிண்ட் எழுதாது.

தாளக்கட்டு:
நன்றி. நேரக் கணக்கு மட்டும் இன்னும் இடிக்கிறது.

மைதானவாசி:
ஒருமுறை நிறுத்தினால் காலி செய்ய 10, காத்திருக்க 30, மறுபடி ஊதிப் பழக 10, ஆக 50 நிமிடமாவது போகும். 10 அணிகள் மீதி இருந்தால், 15 நிமிடத்தை 12 ஆக்கினால் 30 நிமிடம் கிடைக்கும். மற்ற 20 நிமிடத்தை இடைவேளையில் எடுங்கள். இரண்டாவது முறையும் நிறுத்த நேர்ந்தால் அரங்கத்துக்கு மாற்றிவிடுங்கள், நின்றபடி வாசிப்பு, இசைக்கு மட்டும் மதிப்பெண். அப்படி மாறினால், வெளியே ஆடி முடித்த அணிகளுக்கும் இசை மதிப்பெண்ணை மட்டுமே எடுத்துத் தரவரிசை போட வேண்டும். இதை எழுத்தில் வைத்து, முதல் அணி இறங்கும் முன்பே எல்லா மாஸ்டர்களிடமும் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.