தரம்சாலா விழாவில் பக்கத்து இருக்கை அம்மா

திரைப்பட விழா அனுபவம் என்றால் பலரும் இயக்குநர்களோடு டீ குடித்த கதையைத்தான் எழுதுகிறார்கள். எனக்கு மறக்காமல் இருப்பது பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி.

ஒரு வருடம் நவம்பரில், இமாச்சலப் பிரதேசத்தில் நடக்கும் தரம்சாலா சர்வதேசத் திரைப்பட விழாவுக்குப் போனேன். பதான்கோட் வரை ரயில், அப்புறம் மலைப் பேருந்து. ரித்து சரின், டென்சிங் சோனம் என்ற இயக்குநர் தம்பதி 2012இல் தொடங்கிய விழா அது. போட்டி இல்லை, விருது இல்லை; பெரிய நிறுவனங்களைச் சாராத சுயாதீனப் படங்களைப் பார்ப்பதும் பேசுவதும்தான் வேலை. தரம்சாலாவின் மேல்பகுதியான மெக்லியோட் கஞ்சுக்கு மேலே, திபெத்திய நிகழ்த்துகலை நிறுவனத்தில் திரையிட்டார்கள். தலாய் லாமா இந்தியா வந்த 1959இலேயே ஏற்படுத்திய நிறுவனம் அது. அந்த ஏற்றத்தில் நடந்து போய்ச் சேர்வதற்குள் எனக்கு மூச்சு வாங்கிவிடும். ஆனால் திரும்பிப் பார்த்தால் தௌலாதர் மலை நிற்கும்.

இரண்டாம் நாள் ஒரு திபெத்திய மொழிப் படம். பக்கத்தில் எழுபது வயது இருக்கும் ஓர் அம்மா, கையில் ஜபமாலை. நான் சப்டைட்டிலைப் படித்து முடிப்பதற்குள் அவர் சிரித்துவிடுவார். ஓரிடத்தில் மாலையை உருட்டுவதை நிறுத்திவிட்டார். திரையில் யாரும் அழவில்லை, ஒரு கிழவர் ஆட்டுக்குட்டியைத் தூக்கிக்கொண்டு நடக்கிறார், அவ்வளவுதான். இவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு அந்தக் காட்சியில் என்ன இருக்கிறது என்று அவர் முகத்தைப் பார்த்துத்தான் புரிந்தது.

வெளியே வந்ததும் எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் பேச்சுக் கொடுத்தேன். எந்த ஊர் என்று கேட்டார். தமிழ்நாடு என்றதும் முகம் மலர்ந்து, "ஸ்வெட்டர் நல்லா இருக்கும், எடுத்துக்கோ!" என்றார், தமிழில்! பல வருடம் குளிர்காலத்தில் கோயம்புத்தூர் வந்து நடைபாதையில் ஸ்வெட்டர் விற்றவராம். நம் ஊர்களில் வருஷா வருஷம் அந்தக் கடைகளைப் பார்க்கிறோம், பேரம் பேசுகிறோம். அவர்கள் எங்கிருந்து வருகிறார்கள், வீட்டில் என்ன மொழி பேசுகிறார்கள் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. அன்றைக்கு அது ரொம்பவே உறுத்தியது.

தன் பாஷையில் பெரிய திரையில் படம் பார்ப்பது அபூர்வம் என்றார். "உங்களுக்கென்ன, தமிழில் எவ்வளவு படம்! போஸ்டர் ஒட்டாத சுவரே இருக்காதே" என்றார். உண்மைதான். ஆனால் நட்சத்திரம் இல்லாத ஒரு சின்னத் தமிழ்ப் படத்துக்குக் காலைக் காட்சி ஒன்று கிடைத்து, நாம் கிளம்புவதற்குள் அதுவும் போய்விடுகிற கதையை அவரிடம் எந்த இந்தியில் சொல்வது? அந்தக் கிழவரும் ஆட்டுக்குட்டியும் நம் ஊரில் எடுத்த படத்தில் நடந்திருந்தால் எத்தனை நாள் ஓடியிருக்கும் என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் அரங்கில் நல்ல கூட்டம். பின்வரிசையில் நிற்கலாம் என்று போனபோது நடுவிலிருந்து ஒரு கை ஆடியது. நம் ஊர் பஸ்ஸில் துண்டு போடுவதுபோல, பக்கத்து நாற்காலியில் சால்வையைப் போட்டு எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தார்.