குளிரில் ஸ்டார்ட் ஆனதும் அணைந்துவிடும் கார், பம்பை மாற்றலாமா?

கோத்தகிரிக்காரன்:
2011 மாடல் பெட்ரோல் கார், 92,000 கி.மீ. ஓடியது. ஒரு மாதமாகக் காலையில் உடனே ஸ்டார்ட் ஆகிறது, மூன்று எண்ணுவதற்குள் நின்றுவிடுகிறது. ஆக்சிலேட்டரை மிதித்தபடியே ஐந்து நிமிடம் ஓட்டிவிட்டால் அப்புறம் நாள் முழுக்கத் தொல்லை இல்லை. மலைக்குக் கீழே மேட்டுப்பாளையத்தில் இரவு நிறுத்தினால் அவ்வளவாகத் தெரியவில்லை. பிளக், ஏர் ஃபில்டர் புதிது. செக் இன்ஜின் விளக்கும் எரியவில்லை. பட்டறையில் பெட்ரோல் பம்பை மாற்றச் சொல்கிறார்கள், 9,000 ரூபாயாம்.

பழைய ஸ்பேனர்:
அவசரப்படாதீர்கள். பம்பு தளர்ந்திருந்தால் மலை ஏறும்போதுதான் முதலில் மூச்சு வாங்கும். ஏற்றத்தில் இழுவை எப்படி? ஸ்டார்ட் ஆனதும் ஆர்பிஎம் (இன்ஜின் நிமிடத்துக்குச் சுற்றும் சுற்று) எவ்வளவு?

கோத்தகிரிக்காரன்:
இழுவையில் குறையே இல்லை அண்ணே. ஆர்பிஎம் 600தான், உதறிவிட்டு அணைகிறது.

கரிப்புகை:
த்ராட்டில் பாடியில் (இன்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் பாகம்) கரி பிடித்திருக்கும். என் வண்டியில் அதுதான்.

பழைய ஸ்பேனர்:
இருக்கலாம் தம்பி. ஆனால் கரி மட்டும் என்றால் சூடான பிறகும் சிக்னலில் அணைந்து மானத்தை வாங்கும். குளிர்ந்த இன்ஜின் 1,200 பக்கம் சுற்ற வேண்டும். இன்ஜின் குளிர்ந்திருப்பதே ஈசியூவுக்கு (இன்ஜினை இயக்கும் கணினி) தெரியவில்லையோ என்று சந்தேகம். அந்தக் கணினி காட்டும் எண்களைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனர் இரவல் வாங்கி, காலையில் ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்து கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) வெப்பநிலையையும் உள்ளே போகும் காற்றின் வெப்பநிலையையும் பாருங்கள். இரவெல்லாம் நின்ற வண்டியில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும்.

கோத்தகிரிக்காரன்:
காற்று 9 டிகிரி. கூலன்ட் 64!

பழைய ஸ்பேனர்:
அகப்பட்டது. இன்ஜின் சூடாக இருக்கிறது என்று நம்பி, குளிருக்குத் தர வேண்டிய கூடுதல் பெட்ரோலை ஈசியூ தரவில்லை. வயர் அறுந்திருந்தால் விளக்கு எரிந்திருக்கும். 64 நம்பக்கூடிய எண்தானே, அதனால் சும்மா இருக்கிறது. புது கூலன்ட் வெப்பநிலை சென்சார் வாங்குவதற்கு முன், பழையதின் கனெக்டரைக் கழற்றி, ஈரம் இருக்கிறதா பார்த்துவிட்டு, சென்சாரில் மல்டிமீட்டர் வையுங்கள். பெரும்பாலான வண்டிகளில் இந்தக் குளிருக்கு 3,000 ஓமுக்கு மேல் காட்ட வேண்டும். 500 பக்கம் வந்தால் சென்சார் போச்சு.

கோத்தகிரிக்காரன்:
540 ஓம். புது சென்சார் 650 ரூபாய், மாற்றிவிட்டேன். இன்று காலை 6 டிகிரி குளிரில் ஆர்பிஎம் 1,350இல் தொடங்கி மெதுவாக இறங்கியது. கரிப்புகை சொன்னதும் பொய்யில்லை, த்ராட்டில் பாடி கன்னங்கரேல் என்றிருந்தது. துடைத்துவிட்டேன். சென்சாரைக் கழற்றும்போது ஒரு டம்ளர் கூலன்ட் கொட்டிவிட்டது.

பழைய ஸ்பேனர்:
இன்ஜின் ஆறிய பிறகு அதை நிரப்பி, உள்ளே மாட்டிய காற்றையும் வெளியேற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த வாரம் 'கார் சூடாகிறது' என்று வந்து நிற்பீர்கள்.