ட்வின் ரிவர்ப்: 8 ஓம் ஸ்பீக்கரோட 16 ஓம் சேத்து மாட்டலாமா?

பாளைக் கிதார்
பாளையங்கோட்டையில எங்க சர்ச் பாடகர் குழுவுக்குன்னு ஒரு பழைய ஃபெண்டர் ட்வின் ரிவர்ப் கிதார் ஆம்பு இருக்கு. கருப்பு முகப்பு, 1960-கள் மாடல், 6எல்6ஜிசி வால்வு நாலு. 12 இஞ்ச் ஸ்பீக்கர் ரெண்டும் 8 ஓம், பேரலல்ல மொத்தம் 4 ஓம். இப்ப வலது ஸ்பீக்கர் பேசல, மீட்டர் வச்சா ஓபன் (இணைப்பு அத்து நிக்குது). கையில 16 ஓம், 60 வாட் கிதார் ஸ்பீக்கர் ஒண்ணு இருக்கு. ஞாயித்துக்கிழமை பண்டிகை ஆராதனை.

அதை மாட்டிக்கிடலாமா? இல்ல, செத்ததைக் கழட்டிட்டு ஒத்த ஸ்பீக்கர்ல ஓட்டலாமா? இங்க மைக்செட்காரங்க "ஓம் கூடுனா ஒண்ணும் ஆகாது, கொறஞ்சாத்தான் புகையும்"னு சொல்லுதாங்க. வால்வு ஆம்புக்கும் அதே கணக்கா?

வண்ணாரப்பேட்டை வால்வு
கடைசிக் கேள்வியை முதல்ல எடுத்துக்கிடுதேன், ஆம்பு பொழைக்கதும் சாவதும் அதுலதான்.

மைக்செட்காரங்க சொல்லுதது டிரான்சிஸ்டர் ஆம்புக்குச் சரி. ஓம் கொறஞ்சா கரண்ட் ஏறி அவுட்புட் டிரான்சிஸ்டர் எரியும், ஓம் கூடுனா சத்தம் மட்டும் கொறையும். வால்வு ஆம்புல நடுவுல அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் உக்காந்திருக்கு. ட்வின்ல அதோட சுத்து விகிதம் சுமாரா 22.4-க்கு 1. அதோட வர்க்கம் 500. ஸ்பீக்கர் பக்கம் 4 ஓம் இருந்தா வால்வுகளுக்கு 4 × 500 = 2000 ஓம் லோடு தெரியும். 8 ஓம் மாட்டுனா 4000. லோடு கூடக் கூட, வால்வோட பிளேட்டுல (அவுட்புட் முனை) வோல்டேஜ் ஊசலாட்டம் பெருசாகும், சத்தமா வாசிக்கும்போது வால்வுக்குள்ள இருக்க ஸ்கிரீன் கிரிட்ங்கத கம்பி வலையில கரண்ட் ஏறும். ஸ்பீக்கரே இல்லைன்னா டிரான்ஸ்ஃபார்மர்ல இருக்க சக்திக்குப் போக்கிடமே கிடையாது. ஆயிரம் வோல்டுக்கு மேல எகிறி, வால்வு சாக்கெட்ல 3-ம் பின்னுல இருந்து (பிளேட்) 2-ம் பின்னுக்கு (ஹீட்டர்) பொறி பாயும். பொறி பாஞ்ச தடத்துல கரி படிஞ்சுட்டா அப்புறம் அந்தச் சாக்கெட்டையே மாத்தணும். இல்லைன்னா டிரான்ஸ்ஃபார்மர் பிரைமரியோட இன்சுலேஷன் ஓட்டை ஆகும். அதுக்காகத்தான் ஃபெண்டர்ல மெயின் ஸ்பீக்கர் ஜாக்குல பிளக் இல்லாதப்ப தானா ஷார்ட் ஆகுத மாதிரி வச்சிருக்கான். இந்த ஆம்புக்கு ஓபனை விட ஷார்ட் எவ்வளவோ மேல்.

ஆகவே 2 ஓமுக்கும் 8 ஓமுக்கும் உள்ள நின்னா தாங்கும், 4-க்கு எவ்வளவு கிட்டயோ அவ்வளவு நல்லது.

8-ம் 16-ம் பேரலல்ல 5.33 ஓம். இம்பிடன்ஸ் (ஓம் கணக்கு) அளவுல தாராளமாப் போடலாம். சிக்கல் பவர் பிரியுத விதத்துல. ரெண்டுக்கும் ஒரே வோல்டேஜ், அதனால 8 ஓம்காரன் 16 ஓம்காரனை விட ரெண்டு மடங்கு வாங்குவான். 80 வாட் வந்தா 53, 27-ன்னு பிரியும். பழைய ஸ்பீக்கர் 50 வாட்டுக்குள்ள உள்ளதுன்னா வால்யூமைப் பாதிக்கு மேல ஏத்தாதீங்க.

ஒத்த ஸ்பீக்கர் வேண்டாம். 8 ஓம்ங்கது எல்லைக்குள்ளதான் வருது, ஆனா மொத்தப் பவரும் ஒரே காயில்ல (ஸ்பீக்கருக்குள்ள இருக்க கம்பிச் சுருள்) எறங்கும். வீட்டுல மெல்ல வாசிக்கச் சரி, ஆராதனைக்கு ஆகாது.

மாட்டுன பிறகு ஆம்புல சொருகாம, பிளக் முனையிலயே மீட்டர் வையுங்க. மீட்டர் காட்டுதது டிசி ரெசிஸ்டன்ஸ், எழுதியிருக்க ஓமை விடக் கொறைவாத்தான் வரும்: 8 ஓமுக்கு 6-ல இருந்து 7, 16 ஓமுக்கு 11-ல இருந்து 13. ரெண்டும் சேந்து 4-ஐ ஒட்டி நின்னா சரி. 18-க்குக் கிட்ட வந்தா சீரிஸ்ல மாட்டிட்டீங்க, அது 24 ஓம், ஆம்பை ஆன் பண்ணிராதீங்க. 6.5 காட்டுனா ஒண்ணு சேரவே இல்ல.

கொடை சவுண்ட்ஸ்
வால்வு அண்ணாச்சி சொன்ன கணக்கு சரி. ரெண்டு விஷயம் சேத்துக்கிடுங்க.

அவசரத்துக்குன்னு கோயில் கொடைக்குக் கட்டுத குழாய் ஸ்பீக்கரை இதுல மாட்டிராதீங்க. அதுக்குள்ள 100 வோல்ட் லைன் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும். அங்க ஓம் பாக்கதில்ல, வாட்டைக் கூட்டுவோம். அந்த டிரான்ஸ்ஃபார்மர்ல 10 வாட் முனையில (டேப்) மாட்டுன குழாய் ஒண்ணு ஆம்புக்கு 1000 ஓமாத் தெரியும், ட்வினுக்கு அது ஓபன் மாதிரிதான்.

புது ஸ்பீக்கர் எதை மாட்டுனாலும் போலாரிட்டி (பிளஸ், மைனஸ் திசை) பாருங்க. 1.5 வோல்ட் பேட்டரியோட பிளஸ்ஸை சிவப்பு முனையில ஒரு நொடி தொட்டா கோன் (ஸ்பீக்கரோட காகிதக் கூம்பு) முன்னால வரணும். பழைய ஜேபிஎல்-ல இது தலைகீழ், சிவப்புல பிளஸ் வச்சா உள்ள போகும். ஒண்ணு முன்னால ஒண்ணு பின்னால போச்சுன்னா கீழ்ச் சத்தமெல்லாம் ஒண்ணை ஒண்ணு தின்னுரும், ஆம்பு சோனியாக் கேக்கும்.

இன்னொண்ணு: 120 வோல்ட் ஆம்புன்னா, ஸ்டெப்டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வழியா எர்த் தொடர்ந்து வருதான்னு மீட்டர்ல பாருங்க. எர்த் இல்லாத ரெண்டு பின் பெட்டிதான் நெறையப் புழங்குது. கிதார் கம்பியையும் மைக்கையும் சேத்துத் தொடுதவனுக்கு அது ஆபத்து.

வண்ணாரப்பேட்டை வால்வு
ஆமா. ஒண்ணு கேக்க விட்டுப்போச்சு. ஓபன்னு டெர்மினல்ல வச்சுத்தானே பாத்தீங்க? டெர்மினல்ல இருந்து கோனுக்குத் தொங்குத பின்னல் வயர், கோன்ல போய்ச் சேருத இடத்துல மீட்டர் முனையைக் குத்திப் பாருங்க. கருப்புப் பசை மூடியிருந்தா ஊசியால லேசாச் சுரண்டுங்க. காயில் எரியாம அந்த வயர் மட்டும் அத்துப்போறது பழைய ஸ்பீக்கர்ல சகஜம்.

பாளைக் கிதார்
பாத்தேன் அண்ணாச்சி. கோன் பக்கம் 6.2 ஓம் காட்டுது! டெர்மினல் பக்கம் வயர் அந்து, துணி நூல் மட்டும் பிடிச்சிட்டு நிக்குது. கோனை ரெண்டு கையாலயும் சமமா அழுத்துனேன், ஒரசுத சத்தம் இல்ல. சாதா வயர் வச்சு ஒட்டிரலாமா?

வண்ணாரப்பேட்டை வால்வு
அப்ப 16 ஓமை எடுத்து வையுங்க, தேவையில்ல. ரீகோனும் (கோனையும் காயிலையும் புதுசா மாத்துதது) வேண்டாம், கிடைச்ச பி.ஏ. (மைக்செட்) ஸ்பீக்கர் கிட்டைப் போட்டு 4 ஓம் காயிலும் கனமான கோனுமா மாத்திவிட்டா ஒரிஜினல் ஸ்வரம் திரும்பாது.

சாதா வயர் கூடாது. விறைப்பா நின்னு கோனை இழுக்கும், சீக்கிரம் ஒடியும். ரீகோன் கடையில ஸ்பீக்கருக்குன்னே நூல்ல செம்புத் தகடு சுத்துன பின்னல் வயர் கிடைக்கும். ரெண்டு பக்கத்தையும் மாத்துங்க, ஒண்ணு அந்துருச்சுன்னா மத்ததும் நாள் எண்ணிட்டுதான் இருக்கும். நீளம் பழையது அளவே. நீண்டா கோன்ல தட்டிச் சலசலக்கும், குறுகுனா கோன் முழுசா முன்னால வரும்போது இழுபட்டு அந்துரும். சால்டரிங் அயர்ன் நல்லாச் சூடேறுன பிறகு ரெண்டு மூணு நொடியில முடிங்க. ஈயம் வயருக்குள்ள ஏறி ஓடிச்சுன்னா அந்த இடம் விறைச்சு, அங்கேயே திரும்ப ஒடியும்.

முடிச்சதும் பிளக்குல 3-ஐ ஒட்டி வரணும். பேட்டரி வச்சா ரெண்டு கோனும் ஒரே பக்கம் நகரணும். அப்புறம் மெயின் ஜாக்குலயே சொருகுங்க. எக்ஸ்டென்ஷன் ஜாக்குல மட்டும் சொருகுனா மெயின் ஜாக் ஷார்ட்லயே நிக்கும், சத்தமே வராது.