294409 பகா எண்ணுன்னு நம்பி ஏமாந்தவங்க இருக்கீங்களா?

திருவையாறு தம்பி:
காலேஜ் ரெண்டாவது வருஷம், ஒரு எண் பகா எண்ணான்னு பாக்குற ஃபெர்மா சோதனைய ப்ரோக்ராமா எழுதி இந்த எண்ணைப் போட்டேன். 2, 3, 5, 7 எதோட 294408-வது அடுக்கை எடுத்து 294409-ஆல வகுத்தாலும் மீதி 1 தான், அதனால பகா எண்தான் சார்னு அடிச்சு சொல்லிட்டேன். சார் ஒண்ணும் பேசல. போர்டுல 37-ஐ எழுதி கையால வகுக்க ஆரம்பிச்சார். 294-ல ஏழு தடவை, மீதி 35. 354-ல ஒம்போது, மீதி 21. 210-ல அஞ்சு, மீதி 25. கடைசி 9-ஐ இறக்குனதும் 259, அதுவும் ஏழு முப்பத்தேழு! எனக்கு வயிறு கலங்கிடுச்சு. கீழ பூஜ்யம் போட்டுட்டு சாக்பீஸை வச்சுட்டுப் போய்ட்டார். 37 × 73 × 109. அந்த பூஜ்யம் இன்னும் கண்ணுலயே நிக்குது.

குடந்தை அக்கா:
தம்பி, அதே மாதிரி ஏமாத்துற அதோட அண்ணன் எங்க ஊருக்குச் சொந்தம். 1729! சாரங்கபாணி சன்னதித் தெருவுல ராமானுஜன் வீட்டைப் பாத்துட்டு வெளிய வந்ததும் எம்பொண்ணு உள்ளங்கையிலயே பேனாவால வகுத்தா, 7 × 13 × 19. எல்லாரும் ரெண்டு விதமா ரெண்டு கன எண்களோட கூட்டல்னுதான் சொல்றாங்க, இதை யாரும் சொல்லலையேம்மான்னா. அந்த மூணுலயும் ஒண்ணு குறைச்சா 6, 12, 18. அதை ஆறால பெருக்கி ஒண்ணு கூட்டுங்க, உங்க 37, 73, 109 வந்துடும். எதுக்கும் முதல்ல சின்ன எண்களால வகுத்துப் பாத்துருக்கணும்.

மன்னார்குடிக்காரன்:
நான் மாட்டுனது 561-ல, பஸ்ல நோட்டைப் பாத்த ஸ்கூல் பொண்ணு 3-ஆல வகுபடுமேன்னுச்சு, அவ்ளோதான். ஆனா அக்கா, நீங்க சொல்றத ஒத்துக்க மாட்டேன். 294409-க்கு அதோட வர்க்கமூலத்துக்குள்ள, அதாவது 541 வரைக்கும் நூறு பகா எண் இருக்கு, நூறையும் போட்டுப் பாக்கலாம், இருபது இலக்க எண் வந்தா என்ன பண்ணுவீங்க? தப்பு தம்பி மேல இல்ல, இதெல்லாம் கார்மைக்கேல் எண், ஃபெர்மா சோதனைய ஏமாத்துறதுதான் அதோட குணமே. ஒவ்வொரு காரணியிலயும் ஒண்ணு குறைச்சா வர்ற 36, 72, 108 மூணும் 294408-ஐ மீதியில்லாம வகுக்கும், அதான் காரணம். இப்படிப்பட்ட எண் முடிவில்லாம இருக்குன்னு 1994-ல நிரூபிச்சுட்டாங்க, அதனால ஃபெர்மாவை மட்டும் நம்பாதீங்க. மில்லர்-ராபின்னு இதைவிடக் கறாரான சோதனை இருக்கு, அதைப் போடுங்க. அடுக்கைப் பாதி பாதியா குறைச்சுட்டே வரணும். 147204-வது அடுக்குலயும் 2-க்கு மீதி 1 தான் வரும், சரி. அதுலயும் பாதி 73602, அங்க மீதி 262144. பகா எண்ணா இருந்தா அந்த இடத்துல 1 வரணும், இல்ல 294408 வரணும், வேற எதுவும் வரவே முடியாது. ப்ரோக்ராம்ல நாலு வரி கூடுதல், இன்னிக்கே மாத்திடுங்க.

திருவையாறு தம்பி:
262144-ங்கிறது 2-ஓட 18-வது அடுக்கு! இப்பதான் பேப்பர்ல போட்டேன். அதுல ஒண்ணு குறைச்சா 73-ஆல வகுபடுது, ஒண்ணு கூட்டுனா 37, 109 ரெண்டாலயும் வகுபடுது. சார் இப்ப ரிட்டயர்டு, வீடு தெரியும். ஞாயித்துக்கிழமை பேப்பரை எடுத்துட்டுப் போறேன்.