கட்டுரை எழுதி உங்கள் தொழிலுக்கு ஆள் வந்தார்களா? அனுபவம் சொல்லுங்கள்

தையல் மெஷின் பழுது பார்ப்பவர்

நானே ஆரம்பிக்கிறேன். 2010 கடைசியில் வெப்சைட் தொடங்கினேன். அப்போது கேட்ட இடமெல்லாம் ஒரே யோசனைதான்: கட்டுரைகளை எழுதி, யார் எழுதினாலும் போட்டுக்கொள்ளும் தொகுப்புத் தளங்களில் போடு, அடியில் உன் தளத்துக்கு ஒரு லிங்க் வை, கூகுள் தேடலில் மேலே வருவாய். எனக்கு ஏது நேரம்? ஒருவரிடம் காசு கொடுத்து நாற்பது கட்டுரை வாங்கினேன். அப்புறம்தான் படித்துப் பார்த்தேன். ஒரே கட்டுரையை வார்த்தை மாற்றி நாற்பதாக்கியிருந்தார். ஒன்றில் 'தையல் மெஷின் முக்கியமான கருவி', இன்னொன்றில் 'தையல் இயந்திரம் இன்றியமையாத சாதனம்'. நாற்பதிலும் தேடினேன், ஊசி என்ற சொல்லே இல்லை!

ஆனாலும் கொஞ்ச நாள் ஆள் வந்தார்கள், பொய் சொல்லக்கூடாது. 2011இல் கூகுள், தேடலில் தளங்களை வரிசைப்படுத்தும் முறையில் பாண்டா என்ற மாற்றத்தைக் கொண்டுவந்தது. சரக்கில்லாத பக்கங்களால் நிரம்பிய தளங்கள் கீழே போயின, நான் நம்பியிருந்த தொகுப்புத் தளங்களும் சேர்ந்து சரிந்தன. அடுத்த வருஷம் பெங்குவின் என்ற இன்னொரு மாற்றம் வந்தது. அது தேடலில் மேலே வருவதற்காகச் செயற்கையாகச் சேர்த்த லிங்குகளைக் குறிவைத்தது. போன் அடிப்பதே நின்றுபோனது.

வேலை இல்லாத அந்த நாட்களில்தான் ஒரு நோட்டுப் போட்டேன். யார் என்ன கேட்டாலும் அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே எழுதுவேன். திரும்ப யாராவது அதையே கேட்டால் பக்கத்தில் ஒரு கோடு. 'துணிக்கு அடியில் நூல் கூடு கட்டுது, பாபின் போயிடுச்சா?' என்ற கேள்விக்குத்தான் கோடுகள் அதிகம். கூடு அடியில் கட்டுவதால் எல்லோரும் அடிநூல் சுற்றியிருக்கும் பாபினைச் சந்தேகப்படுகிறார்கள். பெரும்பாலும் கோளாறு மேல்நூலில். துணியை அழுத்திப் பிடிக்கும் பிரஸ்ஸர் ஃபுட்டை இறக்கி வைத்தபடி நூல் கோத்தால், மேல்நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகள் மூடியே இருக்கும், நூல் அவற்றுக்கு நடுவே போய் உட்காராது. இழுத்துப் பிடிக்க ஆளில்லாத மேல்நூல் தளர்ந்து அடியில் போய்க் குவியும். ஃபுட்டைத் தூக்கிவிட்டு மறுபடி கோத்தால் போதும். இதை ஒரு பக்கம் எழுதி, போனில் எடுத்த மூன்று படத்தோடு போட்டேன். இன்றுவரை என் தளத்தில் அதிகம் பேர் படிப்பது அதைத்தான்.

திட்டம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஐந்து கோடு விழுந்த கேள்விக்குக் கட்டுரை, மாதம் இரண்டு.

ஏசி சர்வீஸ் செய்பவர்

நான் கோட்டை விட்டது நேரத்தில். 'ஏசியிலிருந்து தண்ணீர் ஏன் சொட்டுகிறது' என்ற கட்டுரையை நடுக்கோடையில் போட்டேன். கூகுள் அதைக் கண்டுகொண்டு மேலே ஏற்றுவதற்குள் வெயிலே போய்விட்டது. நம் தளம் எந்தத் தேடல்களில் வந்தது என்று காட்டும் சர்ச் கன்சோலை கூகுள் இலவசமாகத் தருகிறது, அதில் 16 மாதக் கணக்கு வரை பார்க்கலாம். போன வருஷம் இந்தத் தேடல் எந்த வாரத்தில் ஏறத் தொடங்கியது என்று பார்த்து, இப்போது அதற்கு மூன்று மாதம் முன்னாலேயே போட்டுவிடுகிறேன். சீசனில் நிற்கவே நேரமிருக்காது, இதில் எழுதுவது எங்கே.

சோப்பு செய்து விற்பவர்

என் முட்டாள்தனத்தையும் கேளுங்கள். ஏஐயிடம் சொல்லி ஒரே ராத்திரியில் அறுபது கட்டுரை எழுத வைத்தேன். கூகுள் வந்து பார்த்தது, ஆனால் பாதிக்கு மேல் தன் பட்டியலில் சேர்க்கவே இல்லை. தேடலில் மேலே வருவதற்காகவே பக்கங்களை மொத்தமாக உற்பத்தி செய்து போடுவது அதன் விதிகளுக்கு விரோதம் என்று 2024 மார்ச்சில் வேறு சொல்லிவிட்டார்கள். அத்தனையையும் அழித்தேன். மிச்சம் வைத்தது நானே எழுதிய நான்கு. அதில் ஒன்று 'சோப்பு ஏன் வியர்க்கிறது'. கிளிசரின் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கிறது, அவ்வளவுதான் விஷயம். கெட்டுப்போன சோப்பை அனுப்பிவிட்டீர்கள் என்று சண்டைக்கு வருபவர்களுக்கு இப்போது அந்த லிங்க்கை அனுப்புகிறேன். புது ஆள் வந்தார்களோ இல்லையோ, என் இரத்த அழுத்தம் குறைந்தது.

சாவி செய்பவர்

எனக்கு இதெல்லாம் ஒத்துவரவில்லை. வீட்டுக்கு வெளியே மாட்டிக்கொண்டு நிற்பவர் கட்டுரையா படிப்பார்? கூகுள் மேப்பில் என் பெயர், சரியான போன் நம்பர், திறந்திருக்கும் நேரம், நாலு பேர் எழுதிய கருத்து. எனக்கு வேலை வருவது அதிலிருந்துதான். ஒரு வருஷம் எழுதிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். இன்னொன்று, பழுதை நாமே சொல்லிக்கொடுத்துவிட்டால் பிறகு நம்மிடம் யார் வருவார்?

தையல் மெஷின் பழுது பார்ப்பவர்

வருகிறார்கள், சார். 'அண்ணே, ஃபுட்டைத் தூக்கிக் கோத்தேன், சரியாயிடுச்சு. மெஷினைச் சர்வீஸுக்கு எப்ப கொண்டு வரட்டும்?' என்று ஒரு அம்மா போன் செய்தார். நூல் கோப்பதற்கு நான் காசு வாங்கியதே இல்லை, அதனால் அதில் நஷ்டமும் இல்லை. மோட்டார் போனால் கட்டுரையைப் படித்து யாரும் மாற்றப்போவதில்லை.

அவசர வேலைக்கு மேப்தான் என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சாவி தொலைந்தால் முழுப் பூட்டையும் மாற்ற வேண்டுமா, உள்ளே சாவி நுழையும் சிலிண்டரை மட்டும் மாற்றினால் போதுமா? இதை வீட்டுக்குள் உட்கார்ந்து நிதானமாகத்தானே தேடுவார்கள்?

சாவி செய்பவர்

அதை வாரத்துக்கு நாலு பேர் கேட்கிறார்கள். சொல்லிக்கொண்டே போகிறேன், டைப் செய்ய வீட்டில் யாராவது சம்மதிக்க வேண்டும்.