நடந்தும் குறையாத எடை: அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்

குழுவினருக்கு வணக்கம். நான்கு மாதங்களாக நாள்தோறும் ஒரு மணி நேரம் வேகமாக நடந்தும் என் எடை ஒரு கிலோகூடக் குறையவில்லை. நடையில் செலவாகும் ஏறத்தாழ 250 கலோரியின் பெரும்பகுதியை, அதன்பின் எடுக்கும் பசியில் கூடுதலாக உள்ளே போகும் இரண்டு இட்லியும் தேங்காய்ச் சட்னியும் (சட்னியை விட மனமில்லை) ஈடுகட்டிவிடுகின்றன போலும். மேற்கு வங்கச் சணல் ஆலைத் தொழிலாளர்களைப் பற்றி ஜீன் மேயர் குழுவினர் 1956இல் வெளியிட்ட ஆய்வில், கடும் உழைப்பாளிகள் உழைப்புக்கு ஏற்ப உண்டு மெலிந்தே இருந்ததாகவும், உட்கார்ந்து வேலை பார்த்தவர்களே தேவைக்கு மிஞ்சி உண்டு பருத்திருந்ததாகவும் படித்தபின் குழப்பம் கூடியது. தைராய்டு, சர்க்கரைப் பரிசோதனைகள் இயல்பாகவே உள்ளன. நடைக்கு முன்பே சுண்டலோ முட்டையோ உண்டு இந்தப் பசியை அடக்கியவர்கள், அளவையும் நேரத்தையும் தெரிவித்தால் நன்றியுடையவனாவேன்.